மழை சலசலன்னு பெய்யாதுங்க

போன வாரம் ஒரு கதை படிச்சேன், முதல் வரியே 'மழை சலசலவெனப் பெய்தது'ன்னு இருந்துச்சு, அதோட மூடிட்டேன். சலசலங்கறது ஓடைத் தண்ணிக்கும் அரசமரத்து இலைக்கும் உள்ளது. தகரக் கூரை மேல பெரிய துளியா விழுந்தா சடசட, விடாம ஊத்தினா சோ, தூறினா பிசுபிசு, கொடியில போட்ட துணி ரெண்டு நாளா காயலைன்னா அது நசநச. காதுல கேட்டத வாயால செஞ்சு காட்டத்தானே இந்தச் சொல்லெல்லாம் இருக்கு, அப்புறம் கேக்காமலே எழுதினா எப்படி?

அடுத்த தப்பு, நடுவுல இடம் விட்டு 'கல கல'ன்னு டைப் பண்றது. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா'ன்னு தொல்காப்பியமே சொல்லியாச்சு, அதாவது இப்படி ரெட்டையாவே வர்ற சொல்லைப் பிரிச்சா அந்த அர்த்தம் வராது, சேர்த்துத்தான் எழுதணும். உடனே ஒருத்தர் வருவார், 'கல'ன்னா கலக்குறதுதானே, தனியா அர்த்தம் இருக்கேன்னு. இருக்கு சார், ஆனா வளையல் கலகலன்னு சத்தம் போடறதுக்கும் மாவு கலக்குறதுக்கும் என்ன சம்பந்தம்?

பளார் விஷயம் வேற. ஒரே அறைன்னா பளார், ரெண்டு விட்டா பளார் பளார். இங்க ஒவ்வொண்ணும் தனியா நின்னே அர்த்தம் தருது, அதனால இது அடுக்குத்தொடர், இடம் விட்டு எழுதலாம், நன்னூல் கணக்குப்படி நாலு வரைக்கும் கூட அடுக்கலாம் (கன்னம் தாங்கணும்). ஆனா கதவை மட்டும் படபடன்னுதான் தட்டுவோம், 'பட'ன்னு ஒரு தட்டு யாரும் தட்டுறதில்ல.

இரட்டைக்கிளவின்னாலே சத்தம்னு நினைக்கறதும் தப்புதான். பளபளக்குற குத்துவிளக்குல என்ன சத்தம் வருது? வெண்டைக்காய் கொழகொழன்னு இருக்கறது விரலுக்குத் தெரியும், குழம்பு கமகமக்கறது மூக்குக்குத் தெரியும். கண்ணு, தோலு, மூக்கு உணர்றதையும் சத்தமா மாத்திக் காட்டுற வேலை இது, எனக்கு இதுலதான் ஆச்சரியமே.

கடைசியா, குழந்தைங்க புத்தகத்த மொழிபெயர்க்குறவங்களுக்கு. தெருநாய் 'வூஃப் வூஃப்'ங்குது, சேவல் 'காக் அ டூடுல் டூ'ங்குது. இங்கிலீஷ்காரங்க காதுக்கு அப்படிக் கேட்டிருக்கு, சரி. நம்ம தெருவுல அது லொள் லொள்னுதானே குரைக்குது, சேவல் கொக்கரக்கோன்னுதானே கூவுது, அடுத்தவன் காப்பி அடிச்சதையே நாம திரும்பக் காப்பி அடிச்சா குழந்தை ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு 'இது வேற நாயா'ன்னு கேக்கும்.