சுரினாம் செர்ரி மஞ்சளானதும் மீண்டதும்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு முன்வாசல் தொட்டியில் சுரினாம் செர்ரிச் செடி நிற்கிறது. இடுப்பளவு உயரம், பழம் குட்டிப் பூசணிபோல் வரி வரியாகச் சிவந்திருக்கும். தொட்டி மாற்றிய சில மாதங்களில் இலைகள் மஞ்சளாகின.

உரம் போதவில்லை என்று ஆட்டெரு போட்டேன். பயனில்லை. தண்ணீரைக் குறைத்தேன், நுனி கருகியது. பூச்சியோ என்று வேப்பெண்ணெய் தெளித்ததில் ஒரு வாரம் வீண்.

பிறகுதான் உற்றுப் பார்த்தேன். அடியிலிருந்த முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருந்தன. இளம் இலைகள் மட்டும் மஞ்சள், அதிலும் நரம்புகள் பச்சை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கும். இது இரும்புச்சத்துக் குறை. ஆனால் ஏன்?

தொட்டியைக் கவிழ்த்தேன். வடிகாலுக்காக நானே அடியில் போட்ட உடைந்த சுவர்ப்பூச்சுத் துண்டுகள்! ஒன்றின்மேல் வினிகர் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு. அது மண்ணைக் காரமாக்கியதால் வேருக்கு இரும்பு எட்டவில்லை.

துண்டுகளை அகற்றி, வேரை அலசி, தேங்காய் நார்த்தூளும் மக்கிய இலையும் கலந்த புது மண்ணில் நட்டேன். வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள கீலேட் இரும்பு உரத்தை ஒருமுறை கரைத்து ஊற்றினேன். மூன்றாம் வாரம் செம்பு நிறத் தளிர் வந்து, பச்சையாக முதிர்ந்தது. அப்பாடா! பழைய மஞ்சள் இலைகள் தேறவில்லை, கிள்ளிவிட்டேன்.