பிரேம் போடும் படத்துக்கு எந்தப் பசை?

பிரேமுக்குள் இருக்கும் படம் அலையலையாக நெளிந்தாலும் ஓரத்தில் பழுப்பு ஏறினாலும் மழைக்காலத்தைத்தான் திட்டுவோம். பல சமயம் காரணம் படத்தின் முதுகில் தடவிய பசை. அதனால் கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்தப் படம் கெட்டால் இன்னொன்று கிடைக்குமா?

1. படத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

போஸ்டர், காலண்டர் படம், ஃபைல் கையில் இருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் போன்றவற்றைத் தாராளமாக முழுவதும் ஒட்டலாம். பசை தடவிய ஃபோம் போர்டு போதும். பின்தாளை ஒரேயடியாக உரிக்காமல் மேலே இரண்டு விரல் அகலம் மட்டும் உரித்து, படத்தை அதில் பதித்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தபடியே மீதியை இறக்குங்கள். குமிழ் வராது.

கையால் வரைந்த ஓவியம், தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ போன்றவற்றை முழுவதும் ஒட்டவே கூடாது. ஓவியத்தை மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்துத் தொங்கவிட வேண்டும்; போட்டோவுக்கு வழி வேறு, கடைசியில் பார்ப்போம். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அசைய இடமில்லாமல் நெளியும்.

2. கைவைக்கக் கூடாதவை

செல்லோடேப்பும் சாதாரண டபுள் சைடு டேப்பும் சில வருடங்களில் மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். அந்தக் கறை போகாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்கு அருமை. காகிதத்தில் காய்ந்தபின் கிழிக்காமல் பிரிப்பது கடினம். ரப்பர் சொல்யூஷனில் இருக்கும் கந்தகம் கறுப்பு வெள்ளைப் போட்டோவின் வெள்ளியைக் கெடுக்கும். பைண்டிங்குக்குக் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடுவார்கள். நோட்டுக்குச் சரி. ஓவியத்துக்கு ஆகாது, செம்பு காகிதத்தை நொறுங்கவைக்கும்.

3. கோதுமை ஸ்டார்ச் பசை

ஓவியத்துக்கு ஏற்ற பசை இதுதான். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்து வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுதான் ஸ்டார்ச். மைதா வேறு, அதில் பசையம் (குளூட்டன்) கலந்திருக்கும், பழுப்பாகும், பூச்சியையும் இழுக்கும். சுத்தமான ஸ்டார்ச் பொடியாகவே வாங்குங்கள்.

2 மேசைக்கரண்டி பொடிக்கு 10 மேசைக்கரண்டி காய்ச்சி வடித்த நீர். கலந்து 1 மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் 25 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். பால் வெள்ளை போய்க் கண்ணாடிபோலத் தெளியும். ஆறியதும் நுங்கு மாதிரி இறுகும்; பயப்பட வேண்டாம். மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

4. காகிதக் கீல்

ஓவியத்தை அட்டையோடு பிடித்துத் தொங்கவிடும் சிறு காகிதத் துண்டுதான் கீல். அதற்கு ஜப்பானின் கோசோ (மல்பெரிப் பட்டை) காகிதம் நல்லது, மெல்லியது, நார் நீளம். படத்தின் காகிதத்தைவிடக் கீல் பலவீனமாக இருக்க வேண்டும். பிரேம் கீழே விழுந்தால் கீல் கிழியட்டும், ஓவியம் கிழியக் கூடாது.

ஏ4 அளவுக்கு 2.5 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. கத்தரிக்கோல் வேண்டாம். ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் பிசிறும். வெட்டிய ஓரமென்றால் அதன் தடம் முன்பக்கம் தெரியும்.

கீலின் நுனியில் 5 மி.மீ. மட்டும் பசை தடவி, மைஒற்றுத் தாளில் ஒருமுறை ஒற்றி எடுத்துப் படத்தின் பின்னால், மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். அந்த ஒற்றலை விட்டுவிட்டால் அதிக ஈரம் பாய்ந்து வட்டக் கறை விழும், வாட்டர்கலரில் உடனே தெரியும். மேலே பட்டர் பேப்பர், மைஒற்றுத் தாள், ஒரு தடித்த புத்தகம். 10 நிமிடத்தில் தாளை மாற்றி, 1 மணி நேரமாவது விடுங்கள். பிறகு வெளியே நீட்டியிருக்கும் பகுதியை அமிலமில்லாத மவுண்ட் போர்டில் (படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டை) ஒட்டி, அதன் குறுக்கே இன்னொரு துண்டை ஒட்டினால் 'T' வடிவில் நிற்கும்.

5. போட்டோ என்றால்

பசையே வேண்டாம். போட்டோவின் ஒரு பக்கம் ஜெலட்டின் படலம் என்பதால் பின்னால் ஈரம் பட்டால் சுருளும். இங்க்ஜெட் பிரிண்டில் மை கசியும். பாலியெஸ்டர் கார்னர் (படத்தின் மூலையைச் செருகும் சிறு பிளாஸ்டிக் உறை) நான்கை போர்டில் ஒட்டி, போட்டோவை அவற்றில் செருகுங்கள். 1 மி.மீ. இளக்கம் விடுங்கள், இறுக்கினால் நடுவில் உப்பும்.

சூட்டில் ஒட்டும் டிரை மவுண்ட் தாள் நகல் பிரிண்டுக்கு மட்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோத் தாள் 93 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கொப்பளிக்கலாம். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை நம்ப முடியாது.

எதை ஒட்டினாலும், படம் தெரியும்படி நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையை மேலே வைத்துக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள். ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைப் பிய்க்க வேண்டாம், படம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்து, அந்த நகலைப் பிரேம் போடுங்கள்.