ஒரு வாய்க்கு ஆறு பெயர்: சுறாப் பல் அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன முறை புதைபடிவம் தேடக் காரை என்ற ஊருக்குக் கூட்டிப்போன மாணவர்களில் ஒருவர், சாயங்காலம் வேன் ஏறுவதற்குள் தான் பொறுக்கிய சுறாப் பற்களை ஆறு தீப்பெட்டிகளில் பிரித்துப் போட்டுவிட்டார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பெயர் வேறு. சின்ன வயதில் நான் செய்த அதே காரியம். திட்டவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் களிமண் மேடுகள் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடி. வயது சுமார் 10 கோடி ஆண்டு. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மக்கிப்போகும். பல்லோ ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைப்பது, கெட்டியானதும்கூட. அதனால் நமக்கு மிஞ்சுவது உதிரிப் பற்கள்தான். பெலெம்னைட் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன உயிர்) துண்டையும் ஜிப்சம் சில்லையும் பல் என்று எடுத்து வருவது இரண்டாம் நாளே தெளிந்துவிடும், அதை விட்டுவிடுவோம்.

கறுப்புப் பல்தான் பழைய பல் என்பது

நிறம் மண்ணில் இருந்த தாதுக்கள் கொடுத்தது. வயதைச் சொல்லாது.

வடிவம் மாறினால் இனமும் மாறும் என்று நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மாணவனாக இருந்தபோது மூன்று ஓடைகளிலிருந்து 41 பற்கள் சேர்த்தேன். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டி, அகலமானது, ஒல்லியானது, சாய்ந்தது என்று பிரித்து, ஐந்து இனப் பெயர்கள் எழுதினேன். எந்தப் பல் எந்த ஓடையில் கிடைத்தது என்று குறித்திருந்த காகித உறைகள் குப்பைக்குப் போயின. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஒரு பல்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது மேல்தாடையா, கீழ்த்தாடையா?" எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. "மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சுறாத் தலை வாங்கிட்டு வா" என்றார்.

வாங்கினேன். சுறாப் புட்டுக்குத் தலை எதற்கு என்று மீன் விற்ற அம்மா சிரித்தார். தாடையை வேகவைத்து, பற்களை வரிசை கலையாமல் பிடுங்கி அட்டையில் ஒட்டினேன். கார்காரைனஸ் வகைச் சுறா அது. மேல்தாடைப் பற்கள் அகலமான முக்கோணம். கீழ்த்தாடையில் ஒல்லியாக, ஈட்டிபோல நிமிர்ந்தவை. வாய் மூலையை நெருங்க நெருங்கப் பல் குள்ளமாகி அந்த மூலைப் பக்கமே சாய்ந்தது. என் கணக்குப்படி அந்த ஒரு மீனுக்குள் நான்கு இனங்கள்!

ஆறு செவுள் சுறாவின் குடும்பத்தில் இது இன்னும் மோசம். கீழ்த்தாடைப் பல் பல கூர்கள் வரிசையாக நிற்கும் சீப்பு. மேல்தாடைப் பல் அதன் உறவு என்றே சொல்ல முடியாது. காரையிலும் இந்தக் குடும்பத்துப் பற்கள் கிடைத்திருக்கின்றன. இயற்கையியலாளர் லூயி அகாசி புதைபடிவ மீன்கள் பற்றி 1833 முதல் 1843 வரை வெளியிட்ட பெருநூலில் உதிரிப் பற்களை வைத்தே நிறையச் சுறாக்களுக்குப் பெயர் சூட்டினார். அவற்றில் சில பிற்பாடு ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன. அவருக்கே அந்தக் கதி என்றால் தீப்பெட்டி எந்த மூலைக்கு?

பெயர் தப்பானால் அழித்து எழுதலாம். ஆனால் ஒரே ஓடையில், ஒரே அடுக்கில் அகலப் பல்லும் ஒல்லிப் பல்லும் சேர்ந்தே கிடைத்தால்தான் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கவே முடியும். நான் உறைகளைத் தூக்கிப் போட்டதோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. 41 பற்களும் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, ஒன்றுக்கும் உதவாமல். ஆகவே முதலில் இடமும் அடுக்கும் எழுதிய உறை. அப்புறம் தட்டையான வெளிமுகம் எது, புடைத்த உள்முகம் எது, முனை எந்தப் பக்கம் சாய்கிறது, வேர் எப்படிப் பிரிகிறது என்று பார்த்து, வாயில் எந்த இடத்துப் பல் என்று ஊகியுங்கள். பெயர் கடைசியில் வரட்டும். வரவில்லை என்றாலும் சரி.

விளிம்பு வழவழப்பு என்றால் ரம்பம் இல்லை என்பது

ஸ்குவாலிகோராக்ஸ் என்ற அழிந்துபோன சுறாவின் பல் விளிம்பில் ரம்பம் போன்ற பற்கள் இருக்கும். தண்ணீரில் உருண்டால் அவை தேய்ந்துவிடும். வேரை ஒட்டிய மடிப்பில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே மிச்சம் இருக்கலாம்.

வினிகரில் ஊறப்போடுவது

வேண்டாம். வேர்தான் முதலில் கெடும்.

பெரிய பல் எல்லாம் மெகலோடான்

காரைக் கடல் வற்றிப் பல கோடி ஆண்டு கழித்துப் பிறந்த ராட்சதச் சுறா அது.

கூர் இல்லாததைத் தூக்கி எறிவது

டைகோடஸ் என்ற சுறாவுக்குக் கூர்ப்பற்களே கிடையாது. ஓட்டுயிர்களை நொறுக்குவதற்கான தட்டையான பற்கள். மேலே குறுக்கு வரிகள் ஓடும். வெயிலில் பார்த்தால் உடைந்த சிப்பி போலத்தான் தெரியும். 2012இல் காரைப் பாறைகளிலிருந்து அதன் பல் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தபோது படங்களைப் பார்த்தேன். அந்த வரிகளை எங்கேயோ பார்த்த ஞாபகம். இரண்டாவது ஓடையில், உட்கார்ந்து டீ குடித்த இடத்தில், செருப்பால் ஒதுக்கித் தள்ளியிருந்தேன்.