சதுர டப்பாவை வட்டக் குழாயில் மாட்டுவது எப்படி: அப்பல்லோ 13 வடிகட்டி, வீட்டுச் செய்முறை

தங்கை மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். விண்வெளியில் மாட்டிக்கொண்டால் பொறியியல் வடிவமைப்பு முறையைக் கொண்டு எப்படிப் பிழைப்பது என்று விளக்க வேண்டுமாம். ஐந்து கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, சார்ட் ஒட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. செய்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1970 ஏப்ரல் 13 அன்று, நிலவுக்குப் போகும் வழியில், பூமியிலிருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்க விண்கலமான அப்பல்லோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் நிலவில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்கான கலம் அது. மூன்று பேர் ஏறக்குறைய 4 நாள் இருக்க வேண்டியதாயிற்று. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் தாய்க்கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம், சிறு கலத்தின் பொருத்துமிடமோ வட்டம்.

1. சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள்

நாங்கள் முதலில் எழுதியது 'காற்றைச் சுத்தப்படுத்த வேண்டும்'. இது தப்பு. சுத்தப்படுத்தும் மருந்து ஏற்கெனவே டப்பாவுக்குள் இருக்கிறது. திருத்தி எழுதியது இது: 'சதுர டப்பா வழியாகவே காற்றை இழுத்து வட்டக் குழாய்க்குள் விட வேண்டும், இடையில் வேறெங்கும் காற்று புகக் கூடாது.' இப்படி எழுதியதும் பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

2. இருப்பதை மேசையில் பரப்புங்கள்

கடைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் விதி. எங்களிடம் கிடைத்தவை: சதுர ஐஸ்கிரீம் டப்பா, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், பெரிய பிளாஸ்டிக் பை, வேக்குவம் கிளீனர் குழாய், தினசரிக் காலண்டரின் பின் அட்டை, துணி டேப். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் வேண்டவே வேண்டாம். கையால் கிழிக்க முடியாது, முனையைத் தேடியே பொழுது போய்விடும். லித்தியம் ஹைட்ராக்சைடைத் தேடிப் போகாதீர்கள், தோலை அரித்துவிடும். ஸ்பாஞ்ச் போதும்.

3. கட்டுங்கள்

டப்பாவின் அடியில் ஓட்டைகள் போட்டு, உள்ளே ஸ்பாஞ்சை வையுங்கள். திறந்த மேல்வாயைப் பையால் மூடி, பையின் ஒரு மூலையை வெட்டிக் குழாயைச் செருகி டேப் சுற்றுங்கள். எளிதாகத்தான் தோன்றும். எனக்கு இரண்டு இடத்தில் சறுக்கியது.

முதலாவது, டேப். பையின் வாய் டப்பாவைவிடப் பெரிது. மூடி, மேலே டேப் சுற்றினால் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு வாய்க்காலாகிவிடும், காற்று அதன் வழியே புகும். மூன்று முறை பிரித்துக் கட்டினேன். அப்புறம்தான் ஹூஸ்டனில் இருந்த நாசா கட்டுப்பாட்டு மையத்துக்காரர்கள் வீரர்களுக்குச் சொன்ன குறிப்பைப் பார்த்தேன். முதலில் டப்பாவைச் சுற்றி, பசைப்பக்கம் வெளியே தெரியும்படி, பெல்ட் மாதிரி டேப் போட வேண்டும். பையை அதன் மேல் இழுத்து, சுருக்கங்களை ஒவ்வொன்றாக மடித்து அழுத்தினால் அப்படியே நிற்கும். அதற்கு மேல் வழக்கம்போல் இன்னொரு சுற்று.

இரண்டாவது, பை. வேக்குவம் போட்டதும் பை உள்ளே இழுபட்டு ஸ்பாஞ்சில் சப்பென்று ஒட்டிக்கொண்டது, காற்றோட்டம் நின்றது. காலண்டர் அட்டையை வில்லாக வளைத்துப் பைக்குள் நிறுத்தினேன். விண்கலத்திலும் குறிப்பு அட்டைகளைத்தான் இப்படி வளைத்து வைத்தார்கள். நிஜ டப்பாவின் அடியில் நடுவே ஒரு துளை உண்டு. அதை அடைக்கச் சொன்ன பொருள்களில் காலுறையும் ஒன்று.

4. சோதியுங்கள்

ஊதுபத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்க்கலாமென நினைத்தேன். பையில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். டிஷ்யூ காகிதத்தை மெல்லிய கீற்றாகக் கிழித்து ஒட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். கீற்று எங்கே ஒட்டுகிறதோ அங்கே கசிவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

5. போனில் சொல்லிச் செய்ய வையுங்கள்

இந்தப் படியைப் பள்ளிச் சார்ட்டில் காணவில்லை. எனக்கோ இதுதான் முக்கியம். நாசா பொறியாளர் எட் ஸ்மைலியின் குழு ஹூஸ்டனில் செய்து பார்த்ததை அப்படியே மேலே அனுப்ப வழியில்லை. விண்வெளி வீரர் ஜோ கெர்வின் வானொலியில் படிப்படியாகப் படித்துச் சொன்னார், மேலே இருந்தவர்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் கட்டினார்கள். கரியமில வாயு இறங்கியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக்கில் இறங்கினார்கள்.

அவளை அடுத்த அறையில் உட்கார வைத்து, வீடியோ இல்லாமல் போனில் சொன்னேன். "டேப் ரெண்டு முழம் கிழி" என்றேன். அவள் முழம் என் முழத்தைவிடச் சின்னது, பெல்ட் எட்டவில்லை. 'பசை வெளியே' என்றதற்கு, "எதுக்கு வெளியே மாமா, டப்பாவுக்கா பைக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 'டப்பாவை இரண்டு சுற்றுச் சுற்றும் அளவுக்கு டேப். சுற்றி முடித்ததும் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும்.'

பிற்சேர்க்கை: வேக்குவம் கிளீனர் இல்லாத ஒருவர் ஹேர் டிரையரைக் குழாயில் வைத்துப் பார்த்திருக்கிறார். பை அழகாக உப்பியதாம், கசிவே தெரியவில்லையாம். ஊதினால் அப்படித்தான், பை ஒட்டிக்கொள்ளும் சிக்கலும் வெளியே வராது. காற்றை இழுக்கத்தான் வேண்டும். இன்னொருவருக்கு வேக்குவம் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. ஸ்பாஞ்சைத் திணித்து அடைக்காதீர்கள், ஒரு தடவைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.