வேர்ட்ஸ்டாரில் அடித்த பேசிக் நிரல் ஓடாதபோது

1990இல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எடை போட வரும் விவசாயிகளுக்கு மாதக்கணக்கு போட்டுத்தர ஜிடபிள்யூ பேசிக் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுத ஆசை. டாஸ் இயங்குதளத்தில் அப்போது இருந்த எட்லின் என்ற உரைத்திருத்தி வரிவரியாகத்தான் திருத்த விடும். அதனால் கைப்பழக்கத்தில் கடிதம் அடிக்கும் மென்பொருளான வேர்ட்ஸ்டாரைத் திறந்து, ஆவண முறைக்கான 'டி' (D) அழுத்தி, இரண்டு நாள் உட்கார்ந்து அடித்தேன்.

ஓடவிட்டால் சின்டாக்ஸ் எரர், அதாவது நிரல்மொழியின் இலக்கணப் பிழை. வரியைத் திரும்ப அடித்தால் சரி, அடுத்த வரியில் மறுபடி அதே எரர். கோப்பைத் திரையில் காட்டும் டைப் கட்டளை கொடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'பிரிண்ட்' (PRINT) என்ற சொல்லின் கடைசி எழுத்து 'டி' (T) இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் போடும் கோடு ஒன்று நின்றது. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. T-யின் எண் 84. திரையில் வந்த கோட்டின் எண் 212. சரியாக 128 கூடுதல்!

வேர்ட்ஸ்டாரின் ஆவண முறை, பக்க அமைப்புக்காகச் சொற்களின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும், அதாவது எழுத்தின் எண்ணோடு 128 கூட்டிவிடும். கடிதத்துக்கு அது நல்லது, நிரலுக்கு ஆகாது.

அப்புறம் பத்தே வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வொரு எண்ணையும் 127உடன் 'அண்ட்' (AND) செய்து அந்த எட்டாவது பிட்டை நீக்கி, புதுக் கோப்பில் எழுதும். இரண்டு நாள் உழைப்பு முழுசாகத் திரும்பக் கிடைத்தது. வெளியே மஞ்சு இறங்கி இருட்டிவிட்டது, எனக்கு எழுந்திருக்க மனமில்லை.

அன்றிலிருந்து நிரல் என்றால் 'என்' (N) அழுத்தி, ஆவணமல்லாத முறையில்தான் திறப்பேன்.