சென்னைக்கு வருமுன் காதுக்குச் சில சொற்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துவர மீனம்பாக்கத்துக்குப் போய்ப் போய் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: காரில் ஏறி அவர்கள் பேசும் முதல் பத்து நிமிடத் தமிழை வைத்தே, அந்தக் குடும்பம் எந்தக் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். டொரன்டோவிலும் லண்டனிலும் சொற்கள் கிளம்பிய நாளின் பொருளோடு வீட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. இங்கேயோ அவை தெருவில் அலைந்து வேறு வேறு பொருளை ஏற்றிக்கொண்டுவிட்டன. கீழே வருபவற்றைக் காதுக்காக மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாக்கில் ஏற்ற அவசரப்பட வேண்டாம்.

வம்பு பெரும்பாலும் விளிச்சொல்லில்தான் தொடங்கும். ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றில் வயதில் மூத்த ஆண் யாரையும் 'மாமா' என்பது மரியாதை. சென்னையில் முன்பின் தெரியாதவரை அப்படி அழைத்தால் அவர் முகம் மாறக்கூடும், ஏனென்றால் பெண்களை வைத்துத் தரகு பார்ப்பவனுக்கும் பேச்சு வழக்கில் அதுவே பெயர். ஆட்டோ ஓட்டுநரையும் கடைக்காரரையும் 'அண்ணா' என்றும், காய்கறி விற்கும் பெண்மணியை 'அக்கா' அல்லது 'அம்மா' என்றும், அலுவலகங்களில் 'சார்', 'மேடம்' என்றும் அழைத்தால் எங்கும் தடுமாற வேண்டியதில்லை. 'மச்சி' என்பது மச்சான் உறவிலிருந்து கழன்று நண்பர்களுக்கான விளியாகி, இன்று கல்லூரிப் பெண்கள்கூடத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லாகிவிட்டது. உங்களை ஒருவர் 'மச்சி' என்று அழைத்த பிறகு நீங்களும் அழைக்கலாம்.

உணவகங்களில் (அவற்றை இங்கே 'ஓட்டல்' என்பார்கள், தங்கும் இடத்தைத் தேடி உள்ளே போய்விடாதீர்கள்) 'சாப்பாடு' என்றால் இலையிலோ தட்டிலோ வரும் முழுச் சோற்று உணவு. இரவு ஏழு மணிக்குப் போய்ச் 'சாப்பாடு இருக்கிறதா?' என்று கேட்டால், இட்லியும் தோசையும் கண்ணெதிரே பறந்துகொண்டிருக்கும்போதே, 'சாப்பாடு இல்லைங்க, டிபன்தான்' என்று பதில் வரும். சோறு என்னும் பழந்தமிழ்ச் சொல்லைச் சில வீடுகளில் மரியாதைக் குறைவாக எண்ணிச் 'சாதம்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும், விருந்துக்குப் போன இடத்தில் வீட்டார் சொல்லும் சொல்லையே சொல்லிவிடுகிறேன்.

'சரக்கு' என்ற சொல்லிடம் கவனமாக இருங்கள். ஏற்றுமதித் தொழில் செய்யும் என் பெரியப்பா மகன், தி.நகரில் ஒரு கல்யாண வீட்டில் பெரியவர்கள் நடுவே அமர்ந்து, 'நாளைக்குள் சரக்கு எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் வந்ததே வீண்' என்று உண்மையான கவலையோடு சொன்னார். சற்று நேரத்தில் ஓர் இளைஞன் நாற்காலியை நகர்த்தி அருகே வந்து, 'அண்ணே, நீங்க ஃபாரின்லேர்ந்து எதுவும் எடுத்துட்டு வரலையா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். வணிகர்களின் பேச்சில் சரக்கு இன்றும் சரக்குதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் அது மது. 'கட்டிங்' இன்னும் சிக்கலானது. முடிதிருத்தும் கடையில் அதற்கு முடிவெட்டு என்று பொருள். மதுக்கடை வாசலில் 180 மில்லி குவார்ட்டரில் பாதி. ஒப்பந்தம், டெண்டர் என்று பேச்சு போகும் இடத்தில் கமிஷன்.

பழைய படங்களில் கேட்ட மெட்ராஸ் பாஷையை இங்கே வந்து பேசிக் காட்ட நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். 'கஸ்மாலம்' என்ற வசைச்சொல் அழுக்கைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைச் சுட்டச் சொல்லும் சொல்லும் அதுதான். உருதுவின் வழியாக வந்த 'பேமானி'யைப் போலவே அதையும் இன்றைய இளைஞர் வாயில் கேட்பது அரிது. நீங்கள் சொன்னால் நாடகம் போலிருக்கும். அழுக்கைக் குறிக்கும் 'கலீஜ்', காசைக் குறிக்கும் 'துட்டு', காலைச் சிற்றுண்டியைக் குறிக்கும் 'நாஷ்டா' ஆகியவை மட்டும் நல்ல உயிரோடு இருக்கின்றன.

சில சொற்கள் ஏளனத்தை ஒளித்துவைத்திருக்கும். 'புள்ளைங்க' என்பதன் திரிபான 'புள்ளிங்கோ', நம்ம பசங்க என்ற செல்லத்தோடு கிளம்பி, தலைமுடிக்குச் சாயம் பூசி பைக்கில் சுற்றும் ஏழை வீட்டுப் பையன்களைக் கேலி செய்யும் சொல்லாக மாறிவிட்டது. 'லோக்கல்' என்றால் உள்ளூர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரை அப்படிச் சொன்னால் தரம் தாழ்ந்தவர் என்று பொருள்படும். 'குப்பம்' என்பதையும் வசையாக வீசுவார்கள். கடற்கரையோர நொச்சிக்குப்பத்தில் நல்ல மீனுக்காகப் பேரம் பேசும்போது, அந்தச் சொல் எதிரில் இருப்பவரின் முகவரி என்பதை மறக்காதீர்கள்.

உங்களைக் குறித்தே ஒரு சொல் காதில் விழலாம்: 'பீட்டர் விடறாங்க'. தேவையில்லாத இடத்தில் ஆங்கிலம் பேசிக் காட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கோபப்படாமல் சிரித்துவிடுங்கள், கலாய்ப்பது இங்கே பெரும்பாலும் நெருக்கத்தின் அடையாளம். சமைத்ததை 'மரண டேஸ்ட்' என்றால் பாராட்டுகிறார்கள். அபசகுனம் என்று அத்தை பதற வேண்டியதில்லை.

இடப்பெயர்களில் பிழை நேர்ந்தால் நேரமும் பணமும் போகும். பிரான்சிலிருந்து வந்தவர்கள் திகைக்கலாம், ஆனால் சென்னையில் 'பாரிஸ்' என்றால் பாரி நிறுவனத்தின் பெயரால் வழங்கும் பாரிமுனை. அண்ணா சாலையை இன்றும் பலர் 'மவுண்ட் ரோடு' என்கிறார்கள். 'பஸ் ஸ்டாண்டு' என்ற சொல்லோ சொல்பவரின் வயதுக்கேற்ப இடம் மாறும்: முதியவருக்கு அது பாரிமுனைப் பக்கம், 2002-க்குப் பின் வளர்ந்தவருக்குக் கோயம்பேடு, 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தென்மாவட்டப் பயணிகளுக்கு வண்டலூரைத் தாண்டியுள்ள கிளாம்பாக்கம். ஆட்டோவில் ஏறும்போது 'பஸ் ஸ்டாண்டு' என்று மட்டும் சொல்லாமல், பயணச்சீட்டில் அச்சிட்டுள்ள, பேருந்து புறப்படும் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.