பழைய காருக்கு மின்விசிறி சுவிட்ச்: தேர்வில் நேரும் தவறுகள்

பழைய காரில் பெல்ட்டோடு சுழன்றுகொண்டிருந்த விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவோர், அதன் விட்டத்தையும் காற்றுத் தள்ளும் திறனையும் பற்றி நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதை ஓடவும் நிற்கவும் வைக்கிற வெப்பச் சுவிட்சை மட்டும் கைக்குக் கிடைத்தபடி வாங்கிவிடுகிறார்கள். பிறகு நெரிசலில் வெப்பமானியின் முள் ஏறும்போது பழி விசிறியின் மேல் விழுகிறது.

மிகப் பரவலான தவறு, குறைந்த வெப்பநிலையில் இயங்கும் சுவிட்சே பாதுகாப்பானது என்று நினைப்பது. ஓடும் இயந்திரம் எந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு), விசிறி அன்று. 82 டிகிரி செல்சியஸ் என்று பொறிக்கப்பட்ட தெர்மோஸ்டாட் அந்த அளவில் திறக்கத் தொடங்குகிறது. முழுவதும் திறக்க ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி கூடுதலாக வேண்டும். அத்தகைய காரில் 82 டிகிரியில் ஓடி 77 டிகிரியில் நிற்கும் சுவிட்சை ரேடியேட்டருக்குள் சூடான நீர் நுழையும் பக்கத்தில் வைத்தால், வண்டி சூடேறியதும் ஓடத் தொடங்கும் விசிறி அதன்பின் நிற்பதே அரிது. நீர் 77 டிகிரிக்கு இறங்குவதற்குள் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும் என்பதால், விசிறி எவ்வளவு ஓடினாலும் இயந்திரம் கூடுதலாகக் குளிராது. மோட்டார் தேய்வதும் பேட்டரி இளைப்பதும்தான் மிச்சம். சாலையில் நல்ல வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்றே போதும். அப்போதும் விசிறி ஓயாமல் ஓடினால், ஒன்று சுவிட்சின் அளவு தவறு, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது.

சுவிட்சின் மேல் பெரும்பாலும் 92/87, 95/86 என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஓடும் அளவு, இரண்டாவது நிற்கும் அளவு. வாங்குவோர் முதல் எண்ணை மட்டும் பார்ப்பது இரண்டாவது தவறு. இடைவெளி மிகக் குறுகினால் விசிறி நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நிற்கும். நிற்கும் அளவு தெர்மோஸ்டாட்டின் அளவுக்குக் கீழே போய்விட்டால் மேலே சொன்ன கதைதான்.

இந்த எண்களுக்குப் பொருள் தருவது சுவிட்ச் இருக்கும் இடம். ரேடியேட்டருக்குள் நுழையும் நீரும் அதிலிருந்து வெளியேறும் நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. ரேடியேட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பல டிகிரி வேறுபாடு இருக்கும். ஆகவே சூடான நீர் நுழையும் மேல் ஹோஸில் (ரப்பர் குழாயில்) 92 டிகிரி சுவிட்ச் பொருத்தமாக இருக்கும் காரில், அதே சுவிட்சை நீர் வெளியேறும் கீழ்ப்பக்கம் மாற்றினால் விசிறி மிகத் தாமதமாக ஓடும். அங்கே அளவு குறைந்த சுவிட்ச் வேண்டும். கீழ்ப்பக்கமே சிறந்தது என்பது என் கருத்து. மேல்பக்கத்துச் சுவிட்ச் நீர் சூடாக வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. கீழ்ப்பக்கத்துச் சுவிட்ச் அந்தச் சூட்டை ரேடியேட்டரால் தணிக்க முடிந்ததா என்று சொல்கிறது. எங்கே வைத்தாலும் அதன் முனை நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்று தங்கும் மேல் மூலையில் வைத்த சுவிட்ச், இயந்திரம் கொதித்தாலும் உணராமல் இருந்துவிடலாம்.

95 டிகிரி என்றதும் கொதிநிலையை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். ரேடியேட்டரின் அழுத்த மூடி அதற்காகத்தான் இருக்கிறது: 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) மூடியின் கீழ் வெறும் நீர்கூட 111 டிகிரி அளவில்தான் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடியின் கீழ் 120 டிகிரியைத் தாண்டும். ஆனால் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

பொருத்தும் முறையிலும் பிழைகள் நேர்கின்றன. வெப்பமானிக்குச் செய்தி அனுப்பும் சென்சாரும் விசிறிச் சுவிட்சும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். முன்னது மின்தடையை மாற்றுவது, பின்னது சுற்றை மூடித் திறப்பது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உதவாது. மரையின் அளவையும் வாங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். பல சுவிட்சுகள் எம் 22 x 1.5 மரையில் (22 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) வருகின்றன. பழைய ரேடியேட்டரில் அதற்கான துளையே இல்லாதபோது ஹோஸை வெட்டி நடுவே ஓர் அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகுகிறார்கள். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத சிக்கல். ஒற்றை முனைச் சுவிட்ச் தன் உடல் வழியாகவே எர்த் (வண்டியின் உலோக உடலோடான மின் இணைப்பு) பெறுகிறது. இருபுறமும் ரப்பர் ஹோஸ் சூழ்ந்த அந்தத் துண்டுக்கு எர்த் ஏது? அதற்குத் தனிக் கம்பி போட வேண்டும், அல்லது இரட்டை முனைச் சுவிட்ச் வாங்க வேண்டும். மரையில் டெஃப்லான் நாடாவை அள்ளிச் சுற்றுவதும் இதே எர்த்தைக் கெடுக்கலாம்.

விசிறியின் முழு மின்னோட்டத்தையும் சுவிட்ச் வழியாகவே அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஓடும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டார், கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சுவிட்சின் தொடுமுனைகள் கருகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். சுவிட்ச் ஒரு ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் சாதனத்தை) இயக்கட்டும். விசிறிக்கான மின்சாரம் ஃப்யூஸ் வழியாக ரிலேக்கு வரட்டும். பேட்டரிக்கு மின்னூட்ட ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய வகை டைனமோ உள்ள வண்டிகளில் இன்னொரு கணக்கும் உண்டு. லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவே 22 ஆம்பியர். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது அதுவும் கிடைக்காது, விசிறி தேவைப்படுவதோ அப்போதுதான். நேர்முனை எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்த கார்களில் சாதாரண உலோகத் தகட்டுச் சுவிட்சுக்கு முனை வேறுபாடு பொருட்டில்லை; மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்குவோர் அது நேர்முனை எர்த்துக்கு ஏற்றதா என்று பார்க்காவிட்டால் முதல் இணைப்பிலேயே அதை இழக்க நேரலாம். இணைப்பு மாறினால் விசிறியும் எதிர்த்திசையில் சுழலும்.

புதிய சுவிட்சானாலும் அதைப் பொருத்தும் முன் சோதிப்பது நல்லது. முனை மட்டும் மூழ்கும்படி ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் நல்ல வெப்பமானியும் முனைகளில் மல்டிமீட்டரும் வைத்துச் சூடேற்றினால், எந்த டிகிரியில் மூடுகிறது என்பது தெரியும். அடுப்பை அணைத்த பிறகும் காத்திருங்கள். எந்த டிகிரியில் திறக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.